கலைத்தாலும் பயமில்லை

இளைஞர் தொண்டு நிறுவனங்களில் பாடம் சொல்லித் தருபவர்களை எல்லோருக்கும் தெரியும். தொழில்நுட்ப மேலாளரைப் பலரும் கவனிப்பதில்லை. எல்லாம் தடைபடாமல் ஓடும்போது அவர் நினைவு யாருக்கும் வராது.

1993-இல் பாஸ்டனில் கம்ப்யூட்டர் மியூசியமும் எம்.ஐ.டி. மீடியா லேபும் சேர்ந்து தொடங்கிய 'கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்' மாதிரியான இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். நடுவில் கணினியே இல்லாத ஒரு பச்சை மேசை, வரையவும் பேசவும். சுற்றிலும் கணினிகள். 2007-இல் வெளியான ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழிக்கு கிளப்ஹவுஸில் கிடைத்த அனுபவமும் ஓர் அடித்தளம்.

இங்கே மேலாளரின் கைத்திறன் சின்னச் சின்ன முடிவுகளில் தெரியும். எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும், நேற்று பாதியில் விட்ட வேலை திறக்க வேண்டும். பாதுகாப்பும் வேண்டும், அதற்காகத் துருவிப் பார்க்கும் ஆசைக்குப் பூட்டுப் போட்டுவிடக் கூடாது. நல்ல மேலாளர் கணினியின் முழுப் பிரதியை முன்பே எடுத்து வைத்திருப்பார். யார் எதைக் கலைத்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கெட்டுப்போகுமோ என்று தயங்கும் பிள்ளை வேடிக்கை பார்க்கும். தயங்காத பிள்ளை செய்து கற்கும். அந்தத் துணிச்சலுக்கு இடம் அமைத்துத் தருபவரும் ஆசிரியர்தான்.