பெட்டி மேலே ஒரு முகம்

விஸ்வநத்தத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், பகலெல்லாம் ஃபயர் ஆபீஸில் வேலை. 2013 தீபாவளிக்கு முன்பு போனபோது, கழுவியும் போகாத அலுமினியப் பவுடர் கையில் மினுமினுக்க டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நினா தவுலூரி. அந்த செப்டம்பரில் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற, இந்திய வம்சாவளியின் முதல் பெண்.

நீங்களும் அந்த நடனத்தைப் பார்த்திருப்பீர்கள். குச்சிப்புடியும் பரதமும் கற்ற தெலுங்குப் பெண், 'ஓம் சாந்தி ஓம்' இந்திப் பாட்டுக்கு ஆடினார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரே பாட்டில் அமெரிக்க டி.வி.க்கு 'இந்தியா' என்று புரிந்தாக வேண்டுமே! மேடையில் சிறுபான்மைப் பெண்ணின் பங்கு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நீச்சலுடை, கவுன், ஹை ஹீல்ஸ். அதற்கு எல்லோருக்கும் ஒரே அளவுகோல். (நீச்சலுடையை 2018-ல்தான் கைவிட்டார்கள்.)

இந்தப் போட்டியில் ஒரு காலத்தில் வெள்ளை இனத்தவர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று விதியே இருந்தது. 1945-ல் வென்ற பெஸ் மையர்சன் யூதப் பெண். 'யூதப் பெயர் வேண்டாம், மாற்றிக்கொள்' என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டார். முதல் கறுப்பின வெற்றியாளரான வனெஸ்ஸா வில்லியம்ஸ் வந்தது 1983-ல்.

நினாவிடம் கேட்ட கேள்விதான் எனக்கு மறக்கவில்லை. டி.வி. தொகுப்பாளர் ஜூலி சென், தன் சீனக் கண்களை ஆபரேஷன் செய்து மாற்றிக்கொண்டதை அப்போதுதான் சொல்லியிருந்தார். அது சரியா என்று கேட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவர் நிலை புரிகிறது, இருக்கிறபடியே தன்னம்பிக்கையோடு இருக்கவேண்டும் என்கிற மாதிரி பதில் சொன்னார் நினா. கேட்ட இடத்தைப் பாருங்கள்! பெண்ணின் உடம்புக்கு மார்க் போடுகிற அதே மேடை. கிரீடம் தலையில் ஏறிய ராத்திரியே ட்விட்டரில் 'அரபி', 'பயங்கரவாதி' என்று வசவு. தான் முதலில் அமெரிக்கப் பெண் என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. மற்ற மாநிலப் பெண்கள் யாரும் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் ரொம்பக் கோபப்பட்டோம். கூடவே நம் ஊரிலேயே சிலர் எழுதினார்கள்: இந்தக் கலருக்கு மிஸ் இந்தியா கிடைத்திருக்குமா?

அந்தப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் உண்டு. அக்கா வீடும் அப்படித்தான். நினா தெலுங்குப் பெண் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நம்ம புள்ளதானா? எங்க சித்தி மக மாதிரியே இருக்கா."

மூலையில் காலி அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சிவந்த கன்னத்தோடு ஒரு வடக்கத்தி முகம். அதைக் காட்டிக் கேட்டார்:

"இவ படத்த இதுல போடுவாங்களா தம்பி?"