சிறைக்குப் போகாதவளின் கதை

நம் கதைகளில் குற்றம் செய்த பெண்ணுக்கு இரண்டே முடிவுகள்தான்: சிறை அல்லது விடுதலை. நான் வாசித்த மலேசியத் தமிழ்க் கதைகளை வைத்துச் சொல்கிறேன். கோர்ட்டுக் காட்சி வந்ததும் எழுத்தாளருக்கு அவசரம் வந்துவிடுகிறது. 'வீட்டிலேயே இரு, தினமும் வந்து வேலை செய்துவிட்டுப் போ' என்கிற மூன்றாவது தீர்ப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1954ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் கட்டாய வருகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. 3 மாதத்துக்கு மேற்படாத சிறைக்குப் பதிலாக, நாளுக்கு அதிகபட்சம் 4 மணி நேரம், 3 மாதம்வரை கட்டாய வேலை. 18 வயது நிரம்பி 21ஐ எட்டாதவர்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆவது பிரிவில் 240 மணி நேரம்வரை சமூகச் சேவை.

இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். கையில் மிச்ச நேரம் உள்ள ஓர் ஆளை மனதில் வைத்து எழுதியது போலிருக்கிறது. சிலிம் ரிவரில் அப்படி ஒரு பெண்ணைத் தேடினால் எங்கே கிடைப்பாள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஊர். இருட்டோடு எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாள்கூலிக்கு ஓடுகிறவளுக்கு 4 மணி நேரம் என்பது அரைநாள் சம்பளம். சின்ன ஊர் வேறு. பொது இடத்தில் துடைப்பத்தோடு நின்றால் பார்ப்பது அந்நியர் அல்ல. மாமியார், சாப்பாட்டுக் கடைக்காரர், பிள்ளையின் டீச்சர். "ஜெயிலுக்குப் போகலையே, அதுக்கே சந்தோஷப்படு" என்பார்கள். சிறை ஆளை மறைக்கும். இந்தத் தண்டனை காட்டிக்கொண்டே இருக்கும்.

அதற்காகச் சிறையே மேல் என்று சொல்லவில்லை. கஜாங் பெண்கள் சிறைக்குப் போனால் பிள்ளை ஓரிடம், தாய் ஓரிடம். 2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகளும் சிறைக்கு மாற்றான வழிகளையே பெண்களுக்கு முதலில் பார்க்கச் சொல்கின்றன. அவர்கள் சுமக்கும் பராமரிப்புப் பொறுப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. மாற்று வழி வேண்டும். அது அவளுடைய நாளை அறிந்ததாகவும் இருக்க வேண்டும்.

'கட்டாய வருகை' என்றதும் எனக்குப் பெரட்டுதான் நினைவுக்கு வருகிறது. 1910இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது நிறுத்தப்பட்டது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் வேலைக்கு வராததே குற்றம். பாட்டிக்கு வராதது குற்றம். பேத்திக்கு வருவது தண்டனை. இரண்டிலும் யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள், அவள் 'வந்துட்டேன்' என்கிறாள்.

தோட்டத்துப் பெண்ணின் கண்ணீரை நிறைய எழுதிவிட்டோம். அவளுடைய நேரத்தை இன்னும் எழுதவில்லை. அடுத்த கதையைத் தீர்ப்போடு முடிக்காமல், மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள்.