நாடா நிற்காமல் ஓட: ஒரு டேப் டிரைவரை ரசிப்பது எப்படி?

டேப் டிரைவை இயக்கும் மென்பொருளை, அதாவது அதன் டிவைஸ் டிரைவரை, படிப்பதற்கு முன் காதால் கேளுங்கள். நாடா ஒரே சுருதியில் ஓடினால் எழுதியவர் கைதேர்ந்தவர். நின்று, பின்னுக்குப் போய், மறுபடி கிளம்பிக்கொண்டே இருந்தால் எங்கோ நேரம் தவறுகிறது. பாலிஷ் துணிபோல நாடா முன்னும் பின்னும் போவதால் இதை ‘ஷூ ஷைனிங்’ என்பார்கள்.

ரசித்துப் பழக நல்ல பாடம், 1990-களில் லினக்ஸுக்காக பாஸ் லார்ஹோவன் எழுதிய ‘எஃப்டேப்’. கால் அங்குல நாடா கொண்ட கியூ.ஐ.சி.-80 போன்ற மலிவான டிரைவ்களுக்கானது அது. அவற்றுக்கென்று தனி கண்ட்ரோலர் கிடையாது. ஃபிளாப்பி டிரைவின் கேபிளிலேயே தொற்றிக்கொள்ளும். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் இதன் அழகெல்லாம்.

தட்டிப் பேசும் பேச்சு

‘நாடாவை ஓட்டு’ என்று சொல்ல ஃபிளாப்பி கேபிளில் கம்பி இல்லை. படித்து எழுதும் தலையை ஒவ்வொரு டிராக்காக நகர்த்தும் ‘ஸ்டெப்’ கம்பி மட்டும் உண்டு. ஆகவே எத்தனை முறை துடிக்கிறது என்பதே ஆணை. 6 துடிப்பு என்றால் ‘உன் நிலை என்ன?’ பதில் வருவது, ‘தலை 0-ஆவது டிராக்கில் இருக்கிறது’ என்று சொல்வதற்காக இருந்த கம்பியில், ஒவ்வொரு பிட்டாக. அடுத்த பிட் வேண்டுமா? மேலும் 2 துடிப்பு. சுவருக்கு இருபுறமும் இருந்து தட்டித் தட்டிப் பேசுவது போன்ற பேச்சு. தான் ஃபிளாப்பியின் தலையை நகர்த்துவதாகவே ஃபிளாப்பி கண்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருக்கும். நிரலில் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்.

தூங்கவும் வேண்டும், தவறவும் கூடாது

டாஸில் ஒரே நிரல். அது நாடாவையே பார்த்துக்கொண்டு உட்காரலாம். லினக்ஸில் அதே நேரம் கம்பைலர் ஓடும், யாரோ கடிதம் தட்டுவார்கள். அதனால் டிரைவர் வேலையைக் கொடுத்துவிட்டு, கேட்ட நிரலைத் தூங்க வைத்து, பிராசசரை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. வேலை முடிந்ததும் 6-ஆம் எண் இன்டரப்ட், அதாவது பிராசசரைக் கூப்பிடும் சைகை, வந்து தட்டும்.

ஆனால் நாடா யாருக்காகவும் காத்திருக்காது. 32 கிலோபைட் கொண்ட ஒரு ‘செக்மென்ட்’, நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில், அரை நொடிக்குச் சற்று மேல் ஆவதற்குள் தலையைக் கடந்துவிடும். அடுத்தது அதற்குள் தயாராக இருக்க வேண்டும். எனவே தரவைத் தற்காலிகமாக வைத்திருக்க மூன்று பஃபர்கள். ஒன்றை ‘டார்’ என்ற காப்பு நிரல் நிரப்புகிறது, இன்னொன்று பிராசசரைத் தொந்தரவு செய்யாத டி.எம்.ஏ. வழியே நாடாவுக்குப் போகிறது. மூன்றாவது வரிசையில் நிற்கிறது.

இனி உச்சம். ஒரு செக்மென்ட் முடிந்ததும் இன்டரப்டைக் கவனிக்கும் பகுதியே அடுத்த பஃபரை நாடாவிடம் கொடுத்துவிடுகிறது. தூங்கும் நிரல் எழுந்து வரும்வரை காத்திருப்பதில்லை. அது கொஞ்சம் தாமதமாக எழுந்தாலும், கையிருப்பில் பஃபர் உள்ளவரை நாடாவின் சுருதி குலையாது.

பழுதுக்கும் இடம்

நாடா உழவு மாடுபோல ஒரு சாலில் போய் அடுத்த சாலில் திரும்பும், கியூ.ஐ.சி.-80-இல் 28 சால்கள். அந்தச் சால்களில் எழுதப்படும் ஒவ்வொரு செக்மென்ட்டிலும் 1 கிலோபைட் அளவில் 32 செக்டர்கள். தரவுக்கு 29 மட்டுமே. மீதி 3 பிழை திருத்தத்துக்கு. ரீட், சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட கணிதம் இங்கே வேலை செய்கிறது. எந்த செக்டர்கள் படிக்க முடியாமல் போயின என்று தெரிந்தால், மூன்று வரை மீட்டுவிடலாம். நாடா தேயும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதிய நேர்மை இது.

நீங்களே பாருங்கள்

லினக்ஸ் 2.0-இன் மூல நிரலில் எஃப்டேப் இருக்கிறது. முழுவதையும் படிக்க வேண்டாம். ஒரே ஒரு செக்மென்ட்டைப் பிடித்துக்கொண்டு, ‘ரைட்’ அழைப்பிலிருந்து நாடா வரை கூடவே போங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது யார் தூங்குகிறார்கள்? இப்போது எது ஓடிக்கொண்டிருக்கிறது? இரண்டுக்கும் தயங்காமல் பதில் வரும்போது, பக்கத்தில் டிரைவே இல்லாவிட்டாலும் அந்தச் சுருதி உங்களுக்குக் கேட்கும்.