மூச்சுக்கு அளந்த மண்

செட்டிநாட்டில் தரைக்குத் தனி மரியாதை உண்டு. கண்ணாடியின் மேல் தரைக்கல்லை வார்த்து, அந்தக் கண்ணாடியின் வழவழப்பையே கல்லுக்கு ஏற்றிவிடும் ஆத்தங்குடிக்காரர்களின் கைவண்ணத்தை ஊரே அறியும். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நான் வியந்து நிற்கும் தரை வேறு. அது கபடிக்களம். ஆட்டத்தைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். களம் போடுகிற அழகைப் பார்க்க ஒருநாள் முன்னதாகவே போய்விட வேண்டும்.

முதல் வேலை திசை பார்ப்பது. நீளவாட்டம் வடக்கு தெற்காக அமைய வேண்டும். கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டால், சாயங்கால ஆட்டத்தில் ஓர் அணியின் கண்ணில் வெயில் குத்தும். எந்த அணிக்கும் அநியாயம் நேராதபடி சூரியனோடு முதலிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது மண். இந்தச் சீமையின் செம்மண்ணில் சரளை அதிகம். விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். அதனால் சலித்துத்தான் போடுகிறார்கள். மணல் மிஞ்சினால் கால் வழுக்கும். கண்மாய் வண்டல் மிஞ்சினால் ஒரு தூறலுக்கே சேறாகும். மண்ணோடு எருவும் மரத்தூளும் சேர்ந்த, மட்டமான, மெத்தென்ற தரையைத்தான் கபடி விதிகளும் கேட்கின்றன. விழப்போகிற உடம்பை நினைத்து எழுதிய விதி அது.

பிறகு கயிறும் முளைக்குச்சியும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மூலை சரியா என்று பார்க்க, கொத்தனார் வீட்டுக்கு வானம் எடுக்கும்போது பிடிக்கிற அதே மூணு, நாலு, அஞ்சு கணக்குதான். “தொய்யுது தம்பி, இழுத்துப் பிடிப்பா” என்று பெரியவர் ஒருவர் குனிந்தபடியே சொல்வார். கடைசியில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார்கள். இரண்டும் 16 மீட்டர் 40 சென்டிமீட்டரில் வந்து ஒத்து நின்றால், அவர் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொள்வார்.

இனிக் கோடுகள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதிலிருந்து ஒரு மீட்டரில் போனஸ் கோடு, அதற்கப்பால் 1.75 மீட்டரில் களம் முடிந்துவிடுகிறது. பாடி வருகிறவர் யாரையும் தொடாவிட்டாலும், பாக் லைனையாவது தாண்டித்தான் திரும்ப வேண்டும். பயந்தவனும் இத்தனை தூரமாவது துணிய வேண்டும் என்று தரையே சொல்லிவிடுகிறது. அந்தத் துணிச்சலுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு, 30 விநாடி.

என் மனம் எப்போதும் தங்குவது இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் ஓடும் லாபியில். தொடுவதோ பிடிப்பதோ நிகழும்வரை அது ஆட்டத்தில் சேராது. அங்கே கால் வைத்தால் அவுட். பிடி விழுந்த நொடியில் அதே மண் களமாகிவிடுகிறது. 8 மீட்டர் அகலத்தில் நடந்த ஆட்டம் 10 மீட்டருக்கு விரிகிறது. மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இடம் விட்டுத் தானே ஒதுங்கிக்கொடுக்கும் தரையை வேறு எந்த விளையாட்டில் பார்த்தோம்?

இன்னொரு நயமும் உண்டு. பெண்கள் களம் 12 மீட்டருக்கு 8. ஆண்களுக்கு லாபி தொடங்கும் கோடே பெண்களுக்குக் களத்தின் எல்லைக்கோடாகப் பொருந்திவிடுகிறது. நீளத்தில் இரு முனையிலும் அரை மீட்டர் உள்ளே வந்தால் எல்லை சரியாகிவிடும். திட்டமிடும்போதே இதை மனதில் வைத்தால், ஒரே மண்ணில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் களம் தயார். வைக்கத்தான் வேண்டும்.

சுண்ணாம்பு காய்ந்ததும் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் களம் முழுக்க மெல்ல நடக்கிறார். சல்லடைக்கும் தப்பிய ஒரு சரளைக்கல் உள்ளங்காலில் தட்டுப்படுகிறது. குனிந்து எடுத்து, எல்லைக்கோட்டைத் தாண்டி எறிந்துவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்தே நடக்கிறார்.