ஜொவான்னா தோர்னாபுவோனியின் உருவப்படம்

ஃபிளாரன்ஸ் நகர ஓவியர் தொமேனிகோ கிர்லாந்தாயோ வரைந்த இந்தப் படம் இன்று மாட்ரிட்டில், தைசன்-போர்னெமிசா அருங்காட்சியகத்தில் உள்ளது. மறுமலர்ச்சிக் காலப் பெண்ணழகுக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வது வழக்கம். அது மேலோட்டமான பார்வை; இது இறந்துபோன ஒருவரின் நினைவுப்படம்.

அல்பிட்ஸி குடும்பத்தில் பிறந்த ஜொவான்னா, 1486இல் லொரென்ஸோ தோர்னாபுவோனியை மணந்தார். இரண்டாம் முறை கருவுற்றிருந்தபோது 1488இல் இறந்தார். அவருக்குப் பின்னால் ஒட்டப்பட்டுள்ள தாளில் அந்த ஆண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதன் மேலே, ரோமானியக் கவிஞர் மார்ஷியலைத் தழுவிய லத்தீன் வாசகம்: கலையால் குணத்தையும் மனத்தையும் தீட்ட முடியவில்லையே என்ற ஏக்கம். இதை வெறும் சம்பிரதாயப் புகழ்ச்சி என்று ஒதுக்கத் தோன்றவில்லை. தீட்ட முடியாத குணத்துக்குப் பதிலாகவே அருகில் பிரார்த்தனை நூலும் பவள மணிமாலையும் வைக்கப்பட்டுள்ளன.

முகம் முழுப் பக்கவாட்டில் இருக்கிறது. லியொனார்டோ சில ஆண்டுகளுக்கு முன்பே ஜினெவ்ரா தே பென்சியை நம் பக்கம் திருப்பி வரைந்துவிட்டார். கிர்லாந்தாயோவும் கிழவரும் பேரனும் உள்ள படத்தில் கிழவரை அப்படித்தான் வரைந்தார். ஆகவே இங்கே பழைய முறை தெரிந்தே தேர்ந்தது. பதக்கத்தில் பொறித்த முகம்போல ஜொவான்னா அசையாமல் நிற்கிறார். நாம் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவர் பார்வை நம்மைச் சந்திப்பதில்லை.

படத்தில் எங்கும் அவர் பெயர் இல்லை. ஆடையின் தோள்பகுதியில் கணவர் பெயரின் முதலெழுத்தான ‘எல்’ இருக்கிறது.