அனுமதி இலவசம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பஸ்ஸில் போகிறவர்கள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தினம் ஒரு இலக்கிய வகையைப் படித்துக்கொண்டே போகிறார்கள். நற்செய்திக் கூட்டப் போஸ்டர். சினிமா போஸ்டருக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் பசை காயாமல் ஒட்டியிருக்கும். சினிமாவை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம், இதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

முதலில் இலக்கணம். உச்சியில் பொடி எழுத்தில் ஒரு வேத வசனம். அதன்கீழ் கொட்டை எழுத்தில் 'மாபெரும்' அல்லது 'எழுப்புதல்'. நடுவில் கோட்டு, டை, கையில் மைக்கோடு ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி. மூன்று நாள், மாலை 6 மணி, மைதானத்தின் பெயர். 'நோயாளிகளை அழைத்து வாருங்கள்.' கடைசியில் 'அனுமதி இலவசம், அனைவரும் வருக.' இயேசுவின் பெயரும் இருக்கும். ஆனால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பல போஸ்டர்களில் பேச்சாளர் பெயரைவிட அது சின்னதாகத்தான் இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரே கலரில் சின்ன நோட்டீஸ். படம் கிடையாது, சுகம் கிடைக்கும் என்ற வாக்கும் கிடையாது. செத்தபின் எங்கே போவீர்கள் என்கிற மாதிரி வயிற்றைக் கலக்கும் ஒரு கேள்வி, ஞாயிற்றுக்கிழமை நேரம், விலாசம், அவ்வளவுதான். விசாரித்தால் தனித்து இயங்கும் ஒரு பாப்டிஸ்ட் சபையாகவோ, பிரதரன் சபையாகவோ இருக்கும். அற்புத சுகமளிக்கும் வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்பது அடிப்படைவாத பாப்டிஸ்டுகளில் பெரும்பாலோரின் நம்பிக்கை. ஆகவே நோட்டீஸின் கஞ்சத்தனத்துக்குக் காரணம் பிரஸ் செலவு மட்டுமில்லை, இறையியலும்தான்.

'அடிப்படைவாதி' என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அது அவர்களே விரும்பி வைத்துக்கொண்ட பெயர். 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் 'அடிப்படைகள்' என்ற பெயரில் 12 தொகுதிகள் வெளிவந்தன. போதகர்களுக்கும் ஊழியர்களுக்கும் இலவசம். 1920-ல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், அந்த அடிப்படைகளுக்காகப் போராடத் தயாராக இருப்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். புத்தகங்களுக்குப் பணம் கொடுத்ததில் முக்கியமானவர் லைமன் ஸ்டூவர்ட், கலிபோர்னியாவின் எண்ணெய்க் கம்பெனி முதலாளி. கவனிக்க வேண்டியது, புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. இரண்டு கிறிஸ்தவர்களின் அன்பளிப்பு என்று மட்டும் போட்டிருந்தது. ட்யூப் லைட்டில் வெளிச்சத்தைவிட 'உபயம்' அதிகம் தெரிகிற ஊரில் வாழும் நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

பணத்தைப் பற்றி இவர்கள் கறார். அறுப்பின் பண்டிகை என்று மற்ற சபைகளில் நடக்குமே, ஒரு சீப்பு வாழைப்பழம் கடை விலையைப் போல் பத்து மடங்குக்கு ஏலம் போகும், சேவல் மைக்கில் கூவும்... அது இவர்களுக்கு ஆகாது. ஏலத்துக்குக் காசிமேடு இருக்கிறது, ஆலயத்தில் எதற்கு என்பார்கள். குலுக்கல் சீட்டு, கலைநிகழ்ச்சி டிக்கெட், எதுவும் கூடாது. விசுவாசி மனமுவந்து கொடுக்க வேண்டும், வெளியாளிடம் கை நீட்டக் கூடாது. இதற்கு ஆதாரமாக யோவானின் மூன்றாம் நிருபத்தைக் காட்டுவார்கள்.

கேட்காமலே நடத்துவது என்கிற இந்த மரபுக்கு மதராஸ் சம்பந்தம் உண்டு. பிரிஸ்டலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் யாரிடமும் பணம் கேட்டதில்லை என்பார்கள். அவருடைய மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியா வந்தார். மதராஸிலும் சித்தூரிலும் இருந்தார். அவரோடு பழகிய திருநெல்வேலிச் சீமை அருளப்பன், மிஷன் சம்பளம் வேண்டாமென்று ஊழியம் செய்தார். 1941-ல் பக்த் சிங் சென்னையில் 'யெகோவா ஷம்மா' சபையைத் தொடங்கினார். பஞ்சாப் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, கனடாவில் கிறிஸ்தவரானவர். அவரும் பணம் கேட்டதில்லை. அவருடைய விளம்பரம் என்ன தெரியுமா? வசனப் பதாகைகளைப் பிடித்துக்கொண்டு விசுவாசிகள் தெருத்தெருவாக ஊர்வலம் போவார்கள். தலைவர் படத்தை அல்ல, வசனத்தைத் தூக்கினார்கள். இவர்கள் பாப்டிஸ்டுகள் அல்ல. ஆனால் பணத்தில் அதே கறார்.

பாப்டிஸ்டுகளிடமே இதைவிட நல்ல கதை ஒன்று உண்டு. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் பக்கத்தில் கறுப்பாக ஓடுகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதே கால்வாயின் வடக்குக் கோடியில், ஆந்திரக் கரையில் நடந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், கால்வாயில் மூன்றரை மைல் வெட்டுகிற கான்ட்ராக்டை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. கூலிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று, நிவாரணப் பணம் தீரும்வரை காத்திருந்தார். பிறகு 1878 ஜூலை 3-ந் தேதி ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. இவ்வளவு பேர் சேர்ந்ததைப் பற்றி உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் அழைப்பையும் பணத்தையும் ஒரே கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

சுவர் போஸ்டர் தவறுவது இங்கேதான். 'அனுமதி இலவசம்' என்பது பொய்யில்லை, பாதி உண்மை. உள்ளே போனால் பாட்டு, சாட்சி, பிறகு காணிக்கைப் பை. விதைத்தால் நூறு மடங்கு அறுப்பீர்கள் என்ற பிரசங்கம் சில மேடைகளில் கூடவே வரும். கேட்டுக்கொண்டிருப்பவர் யார்? காசிமேட்டில் மீன்கூடை தூக்குகிற அம்மா, மணலியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பையன். உதாரணத்துக்கு, நாள் கூலி 600 என்றால் தசமபாகம் 60. மேடையில் அது விதை, அவர்கள் வீட்டில் பால் பாக்கெட்டும் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும். சாம்பலும் புகையும் சுவாசித்து இருமுகிறவரிடம் சுகம் தருவதாகப் போஸ்டர் ஒட்டுவது இன்னும் பெரிய விஷயம். மந்திர சக்தியால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. சுவரைப் பார்த்தால் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சத்தமும் விளம்பரம்தான். மாதவரம் நெடுஞ்சாலை கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கி வழக்கு டில்லிவரை போனது. வண்டிச் சத்தம்தான் அதிகம் என்று சபை வாதாடியது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஜெபம் செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது ஆடி மாதக் கூழுக்கும் பொருந்தும், அதனால் யாரும் சிரிக்க வேண்டாம்.

பெரிய கூட்டம் நடத்துகிறவர்களிலும் யோசித்தவர்கள் உண்டு. பில்லி கிரஹாம், அவரும் பாப்டிஸ்ட்தான், 1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் சகாக்களோடு உட்கார்ந்து சில விதிகள் போட்டார். காணிக்கையை வற்புறுத்திக் கேட்பதில்லை, கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வதில்லை என்பவை அவற்றில் இரண்டு. 1950-ல் அட்லாண்டா பத்திரிகை ஒன்று அவர் சிரிக்கிற படத்தையும் காணிக்கை மூட்டைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. அதன்பின் அவர் நிலையான சம்பளத்துக்கு மாறிக்கொண்டார். ஒரு நல்ல விமர்சனம் இவ்வளவு செய்யும்!

அப்படியென்றால் ஒரு கலர் நோட்டீஸ்காரர்கள் எல்லோரும் சுத்தமா? அவசரப்படாதீர்கள். கேட்காமலிருப்பதும் ஒரு விளம்பரம் ஆகிவிடும். அமெரிக்காவின் தனி பாப்டிஸ்ட் மிஷனரிகள் ஊழியத்துக்குக் கிளம்புமுன் அங்கே சபை சபையாகப் போய் ஆதரவு திரட்டுவது வழக்கம். குடும்பப் படம் போட்ட ஜெப அட்டை கொடுப்பார்கள். பிறகு ஜெபக் கடிதம் போகும். நம் தெருவில் கை நீட்டாதவர், நம் தெருவின் வறுமையைப் படமெடுத்து அங்கே அனுப்பினால் அது எந்தக் கணக்கில் சேரும்? வெளிநாட்டுப் பணத்துக்கு 2010-ம் வருஷச் சட்டப்படி டில்லிக்குக் கணக்குப் போக வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அந்தக் கணக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

முல்லரைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் பணம் கேட்கவில்லை, சரி. ஆனால் வந்ததையும் செலவானதையும் வருஷா வருஷம் அச்சடித்து வெளியிட்டார். பாப்டிஸ்ட் கொள்கையும் இதற்கு வசதியானதே. பிஷப் கிடையாது, சபையைச் சபையாரே நடத்த வேண்டும். அதாவது அந்த மீன்கூடை அம்மாவுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. யாராவது அதை அவரிடம் சொன்னார்களா?

ஆகவே அடுத்த தடவை டோல்கேட் சிக்னலில் பஸ் நிற்கும்போது சுவரைப் பாருங்கள். யார் படம் பெரிசு? என்ன தருவதாகச் சொல்கிறார்கள்? பணத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? 'காணிக்கை வாங்கப்படும், கணக்கு வாசலில் ஒட்டப்படும்' என்று ஒரு வரி மட்டும் ஒரு போஸ்டரில் இருந்தால், பேச்சாளர் யாரென்று தெரியாவிட்டாலும் அந்தக் கூட்டத்துக்கு ஒருநாள் போய் உட்காரலாம்.