கச்சேரியிலிருந்து பண்பலைக்கு

ஒரு வானொலி நிலையம் எந்தக் காலத்தில் இருக்கிறது என்பதை, அது போடும் பாட்டே சொல்லிவிடும். சென்னை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியாக அது தொடங்கியபோது, கர்நாடக சங்கீதத்துக்குத்தான் முதல் மரியாதை. மேடையில் மணிக்கணக்கில் பாடிய வித்வான்கள், ஸ்டுடியோ கடிகாரத்துக்குள் ஆலாபனையை அடக்கப் பழகினார்கள். அந்தச் சிக்கனத்துக்கும் ஓர் அழகு உண்டு.

1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார். நேயர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்ததும் திரையிசைக்கு அரசு வானொலியிலேயே தனி வீடு கிடைத்தது. 1977 ஜூலை 23 அன்று நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பும் சென்னையில்தான் தொடங்கியது. கரகரப்பு போய், தம்புராவின் ரீங்காரம்கூடத் தெளிவாகக் கேட்டது.

பாட்டோடு, அதை அறிவிக்கும் விதமும் மாறியது. பழைய அறிவிப்பாளர், படம், பாடியவர்கள், இசையமைத்தவர் என்று நிதானமாகச் சொல்லி முடித்த பிறகே பாட்டு வரும். தனியார் பண்பலைத் தொகுப்பாளரோ முன்னிசை ஓடும்போதே பேசி, பாடகர் வாய்திறக்கும் நொடிக்குச் சற்று முன்னால் கச்சிதமாக நிறுத்துகிறார். அதுவும் தேர்ந்த கைவேலைதான். ஆனால் இளையராஜாவின் முன்னிசைக்காவது அந்தச் சாமர்த்தியத்திலிருந்து விலக்கு அளிக்கலாம்.